பாடியவரின் பெயரை முதலில் எழுதுங்கள்

(ஜமுனாமரத்தூரில், மலைக் கிராமங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜாஸ் இசையில் பாட்டு எழுதிய ஒரு கவிஞரைப் பற்றிப் பேசுங்கள் என்று தோழர்கள் கேட்டிருந்தார்கள். கில் ஸ்காட்-ஹெரன் என்று உடனே சொல்லிவிட்டேன். குறிப்பு எழுத உட்கார்ந்தபோது பக்கத்துக்குப் பக்கம் இன்னொருவரும் வந்து நின்றுகொண்டிருந்தார். நம் கே.ஏ. குணசேகரன். ஒருவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர், மற்றவர் சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரு வரியாவது எழுதியிருப்பதாக நான் பார்த்ததில்லை. ஆனாலும் இருவரையும் சேர்த்துப் பேசினால்தான் இந்த மலையில் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியும்.

ஜாஸ் என்றால் பெரிய ஓட்டல்களில் கோட்டு போட்டவர்கள் மெதுவாகக் கேட்கும் இசை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில், அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உருவாக்கிய இசை. சாவு ஊர்வலத்தில் வாசித்தார்கள், சாராயக் கடையில் வாசித்தார்கள். மரியாதைப்பட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நம் ஊரில் பறைக்கும் கானாவுக்கும் என்ன பெயர் கிடைத்ததோ அதுதான் அங்கே ஜாஸுக்கும் கிடைத்தது. ஆனால் 1917இல் முதன்முதலாக ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தபோது அதில் வாசித்த ஐந்து பேருமே வெள்ளையர்கள். அந்தக் குழுவின் தலைவர் பிற்காலத்தில், ஜாஸைக் கண்டுபிடித்ததே வெள்ளையர்கள்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். பெஸ்ஸி ஸ்மித் என்ற மகத்தான ப்ளூஸ் பாடகிக்கு ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள், விற்பனையில் பங்கு கொடுக்கவில்லை. அவர் 1937இல் இறந்தார். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 1970இல். முப்பத்து மூன்று வருடம் பெயரில்லாமல் கிடந்தார்.

இந்த வரலாற்றுக்குள் வந்தவர்தான் கில். 1949இல் சிகாகோவில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் என்ற ஊரில் பாட்டியிடம் வளர்ந்தார். பக்கத்தில் ஒரு சவ அடக்கம் செய்யும் கடை. அங்கே தூக்கிப் போட இருந்த பழைய பியானோ ஒன்றைப் பாட்டி ஆறு டாலருக்கு வாங்கிப் போட்டார். தையல் வேலைக்குக் கூடும் தோழிகளுக்குப் பேரன் தேவாலயப் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பேரன் வாசித்தான். பாட்டி தூங்கியபின் வானொலியில் ப்ளூஸும் கேட்டான். வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்குள் முதன்முதலாகப் போன மூன்று கறுப்புப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். பிறகு அம்மாவோடு நியூயார்க் போனான். அங்கே எழுத்துத் திறமையைப் பார்த்து ஒரு பணக்காரப் பள்ளியில் உதவித்தொகையோடு சேர்க்க அழைத்தார்கள். நேர்காணலில் கேட்டார்களாம்: நீ ரயில் நிலையத்திலிருந்து மேடு ஏறி நடந்து வரும்போது உன் வகுப்புப் பையன் பெரிய காரில் கடந்துபோனால் உனக்கு எப்படி இருக்கும்? உங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான், உங்களாலும் அந்தக் காரை வாங்க முடியாதே என்றானாம் பையன். கட்டணச் சலுகையில் படித்த யாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். இந்தப் பதில் மட்டும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் நமக்குத் தோன்றும்.

லாங்ஸ்டன் ஹ்யூஸ் படித்த இடம் என்பதற்காகவே லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய நண்பர்களின் இசைக்குழுவில் இருந்த மாணவர் ஒருவர் ஆஸ்துமாவில் இறந்தார். வளாகத்தில் சரியான மருத்துவ வசதி இல்லை. கில் முன்னின்று வகுப்புகளை நிறுத்தினார், மருத்துவ வசதி கேட்டு மாணவர்கள் போராடினார்கள். நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய பாட்டின் கோபம் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததில்லை என்பதற்காகச் சொன்னேன்.

1970இல், 21 வயதில், ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு, ஓர் இசைத்தட்டு. ஹார்லெமின் ஒரு தெருமுனையின் பெயரைத் தலைப்பில் தாங்கிய அந்தத் தட்டில் பெரும்பாலும் அவர் குரலும் கைமுரசும்தான். கவிதையைத் தாளத்தின் மேல் ஏற்றிப் பேசுகிறார். பிற்காலத்தில் ராப் பாடியவர்கள் அவரைத் தங்கள் முன்னோடி என்றார்கள். அவருக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு விருப்பம் இல்லை. தன்னை ப்ளூஸின் வேர்களை ஆராய்பவன் என்றுதான் சொல்லிக்கொண்டார். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து வாஷிங்டனில் ஒரு கல்லூரியில் எழுத்துக் கலை கற்பித்தவர் அவர்.

1974இல் வந்த 'தி பாட்டில்' என்ற பாட்டு பிறந்த விதத்தைக் கேளுங்கள். அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்புறம் ஒரு மதுக்கடை. விடிவதற்கு முன்பே காலிப் பாட்டிலோடு வரிசை நிற்கும். அவர் இறங்கிப் போய் நின்று ஒவ்வொருவராகப் பேசியிருக்கிறார். யாரும் குடிகாரராகப் பிறக்கவில்லை. ஒருவர் மருத்துவராக இருந்தவர், ஒருவர் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் இருந்தவர். அந்தக் கதைகள்தான் பாட்டு. ஆடிக்கொண்டே கேட்கும்படியான தாளம், உள்ளே கேட்டால் நெஞ்சு அடைக்கும். கள ஆய்வு என்று நாங்கள் பல்கலைக்கழகத்தில் சொல்வது இதைத்தான். எங்களுக்குக் கேள்விப் பட்டியல் தேவைப்படுகிறது.

அந்தப் பாட்டு உள்ள 'வின்டர் இன் அமெரிக்கா' தொகுப்பை அவர் பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை. கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் தாங்களே நடத்திய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட் வழியாக வெளியிட்டார். அட்டையில் இரண்டு பெயர்கள். அவருடையதும், அதுவரை கூடவே பியானோவும் புல்லாங்குழலும் வாசித்துக்கொண்டிருந்த பிரையன் ஜாக்சனுடையதும். ஜாக்சனின் பெயர் அட்டைக்கு வந்தது அதுதான் முதல் முறை. கில்லின் எல்லாப் பாட்டையும் விட எனக்கு இந்த அட்டை பிடிக்கும்.

பிற்பாதி வாழ்க்கை துயரமானது. குடியைப் பற்றி அப்படி எழுதியவர் போதைக்குள் விழுந்தார், சிறைக்கும் போனார். 2010இல் மறுபடி ஒரு தொகுப்பு, 2011 மே மாதம் மரணம். இதை மறைத்துவிட்டு அவரைப் படமாக மாட்ட வேண்டாம். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறையாக்கக் கோரி ஸ்டீவி வொண்டரோடு ஊர் ஊராகப் பாடியதும் இதே மனிதர்தான். 1983இல் அந்தச் சட்டம் கையெழுத்தானது.

இப்போது மாரந்தைக்கு வருவோம்.

குணசேகரன் 1955இல் பிறந்தார். 'வடு' என்ற தன்வரலாற்றை 2005இல் எழுதினார். படிக்காதவர்கள் படியுங்கள், ஒரே மூச்சில் முடித்துவிடலாம், மொழி அவ்வளவு எளிமை. இளையான்குடியில் இஸ்லாமியர்களோடு பழகும்போது உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் வாழ்க்கை, கிராமத்துக்குப் போனால் சாதி சொல்லிக் கூப்பிடும் வாழ்க்கை என்று இரண்டையும் ஒரே சிறுவன் பார்க்கிறான். சாதி இயற்கையானது என்று அவனை யாராலும் நம்பவைக்க முடியாமல் போனதற்கு அந்தப் பத்திருபது கிலோமீட்டர் போதுமானதாக இருந்திருக்கிறது.

அவருக்குக் குரல் வாய்த்தது. இடதுசாரி மேடைகளில் பாடினார். நாட்டுப்புற நிகழ்த்துகலையில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். 'பலி ஆடுகள்' எழுதினார், அதைத் தமிழின் முதல் தலித் நாடகம் என்பார்கள். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். பகலில் பேராசிரியர், இரவில் பாட்டுக்காரர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பிரிப்பில் உடன்பாடில்லை. பறையைக் கையில் எடுப்பதும் பறையைப் பற்றி எழுதுவதும் அவருக்கு ஒரே வேலைதான். 'சேரிப்புறவியல்' என்று ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். நாட்டுப்புறவியல் என்ற துறை எந்தப் புறத்தை வெளியே விட்டது என்று அந்த ஒரு சொல்லே கேட்டுவிடுகிறது.

அவர் குரல் என்றதும் 'மனுசங்கடா' பாட்டுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கொடுமையிலிருந்து எழுந்த பாட்டு. எழுதியவர் கவிஞர் இன்குலாப், கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது, சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். தாளில் இருந்த கவிதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் தொண்டை. கடைசியில் மேடையில் கேட்ட கூலிக்காரர் அதைக் குணசேகரன் பாட்டு என்றார், புத்தகத்தில் படித்தவர் இன்குலாப் பாட்டு என்றார். இரண்டு பேரும் சொன்னது சரி. 2017இல் அம்ஷன் குமார் அந்தப் பெயரில் ஒரு படம் எடுத்தார். செத்துப்போன அப்பாவின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோகப் போராடும் மகனின் கதை. ஐம்பது வருடம் கழித்தும் அந்தத் தலைப்புக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருவரும் ஒரே ஆண்டில் போனார்கள். குணசேகரன் 2016 ஜனவரி 17, இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1. ஜனவரி 17 என்றதும் உங்களில் சிலர் நிமிர்கிறீர்கள். ஆமாம், ரோஹித் வெமுலா இறந்ததும் அதே நாள்தான். இன்குலாப் மறைவுக்குப் பிறகு சாகித்ய அகாதமி விருது அறிவிக்கப்பட்டது, குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள்.

குணசேகரனிடம் நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. கொல்லங்குடி கருப்பாயி, சின்னப்பொண்ணு போன்றவர்கள் வெளியே தெரியவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஓர் ஆய்வாளர் நினைத்தால் அவர்களிடம் பாட்டைப் பதிவு செய்துகொண்டு, எழுதி, அச்சடித்து, பட்டம் வாங்கிப் போயிருக்கலாம். அவர் ஆட்களையே மேடைக்குக் கூட்டிவந்தார், பெயரோடு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? எங்கள் துறையில் ஒரு சொல் இருக்கிறது, 'தகவலாளி'. ஆய்வேட்டின் கடைசியில் பின்னிணைப்பில் வரும். வயது, ஊர், சாதி, படிப்பு: இல்லை. சில ஏடுகளில் பெயர்கூட இருக்காது, 'ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண், 70' என்று முடிந்துவிடும். பாட்டைச் சேகரித்தவர் பெயர் அட்டையில் இருக்கும். சாமை விதைக்கும்போது உங்கள் அம்மா பாடுவது, சாவு வீட்டில் உங்கள் அத்தை பாடுவது எல்லாம் 'மரபு', 'வாய்மொழி', 'யாரும் இயற்றாதது' என்று எழுதப்படும். யாரும் இயற்றாத ஒப்பாரியை நான் இன்றுவரை கேட்டதில்லை. செத்தவரின் பெயரையும் குணத்தையும் அவர் விட்டுப்போன கடனையும் அந்த நிமிடத்தில் பாட்டுக்குள் கட்டுகிற பெண்ணுக்குக் கவிஞர் என்ற பெயர் பொருந்தாது என்றால், ஜாஸ் மேடையில் நின்று அந்த நேரத்து மனத்துக்கு ஏற்ப வாசிப்பவரை மட்டும் ஏன் மேதை என்கிறோம்?

சட்டத்திலும் கொஞ்சம் இடம் இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் திருத்தம் செய்து, நிகழ்த்துபவருக்கு உரிமை தந்தார்கள். நிகழ்த்துபவர் யார் யார் என்ற வரிசையில் நடிகர், பாடகரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் இருக்கிறார்கள். தகவலாளி என்று ஒருவர் அந்த வரிசையில் இல்லை. பாடினால் நீங்கள் பாடகர். அந்த உரிமை ஐம்பது வருடம். ஆய்வுக்காக மட்டும் பதிவு செய்தால் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே பதிவு நாளைக்கு யாருக்கோ காசு சம்பாதித்துக் கொடுக்கும் காணொளியானால் விலக்கு பொருந்தாது. 2012இல் இன்னொரு பிரிவு சேர்ந்தது, 38பி. பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை. வழக்குப் போட நம்மில் எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கேள்வி. ஆனால் கேட்பது உதவி, கொடுப்பது தயவு என்ற பேச்சு இனிமேல் வேண்டாம்.

இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பாட்டுகளைச் செல்பேசியில் பதிவு செய்யப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல வேலை. பாட்டு தொடங்கும் முன் பாடுகிறவர் தன் பெயரைத் தன் வாயால் சொல்லட்டும். ஊர், யாரிடம் கேட்டுப் பழகினார், எந்த வரி தானே சேர்த்தது என்பதையும் கேளுங்கள். தனித்தாளில் எழுதிவைத்தால் தாள் தொலையும், குரலோடு சேர்ந்து கிடந்தால் ஒருவர் வேண்டுமென்றே வெட்டினால்தான் போகும். எம் பேரு எதுக்குய்யா, பாட்ட புடிச்சிக்கிட்டுப் போ என்று பல பாட்டிகள் சிரிப்பார்கள். அப்போது செல்பேசியை நிறுத்தாதீர்கள், அதுவும் பதிவாகட்டும். அப்புறம் இன்னொரு தடவை கேளுங்கள்.