இசைக்குழுவை இயக்கும் கைகள்



ஊர் கூடித் தேர் இழுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் பலர். ஆயினும் வீதி முனையில் தேரைத் திருப்புவோர், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலரே. பொதுநலம் கருதி நடைபெறும் அமைப்புகளும் இத்தகையனவே. பொருள் தருவோர், கற்பிப்போர், பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பயன்பெறும் பிள்ளைகள் ஆகிய அனைவர்க்கும் அவற்றில் பங்கு உண்டு. எனினும், எவர் கை ஓங்குகிறதோ அவர் விரும்பும் திசையிலேயே அமைப்புச் செல்லும். இளைஞர்க்கு ஊதிய நோக்கமின்றி இசை கற்பிக்கும் ஓர் இயக்கத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள வெனிசுவேலா நாட்டில் தோன்றியது அவ்வியக்கம். ‘எல் சிஸ்டெமா’ என்பது அதன் பெயர். இசைவாணரும் பொருளாதார அறிஞருமாகிய ஹோசே அந்தோனியோ அப்ரேயு, 1975-ஆம் ஆண்டில் தலைநகரான கராகஸில் அதனைத் தொடங்கினார். முதல் ஒத்திகைக்கு வந்த இளைஞர் 11 பேரே. பின்னர் அது நாடெங்கும் பரவி, பல இலட்சம் பிள்ளைகளுக்கு இசை கற்பித்தது. பள்ளி விட்டபின் பிள்ளைகள் மையங்களுக்கு வருவர், கட்டணமின்றிக் கற்பர், பலராகக் கூடி வாசிப்பர். 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் குழுவின் இசை இயக்குநரான குஸ்தாவோ துதாமெல், இவ்வியக்கத்தில் பயின்றவரே.

இத்தனை பிள்ளைகளுக்கு வயலினும் குழலும் வாங்கப் பொருள் வேண்டுமன்றோ? அப்ரேயு அரசை நாடினார். இசை கற்பித்தலைக் கலை வளர்ச்சியாக மட்டும் காட்டாமல், இளைஞரை வறுமையினின்றும் தீய வழியினின்றும் காக்கும் சமூகப் பணியாக எடுத்துரைத்தார். ஆட்சிகள் மாறியும் உதவி நிற்கவில்லை. அரசின் துணையின்றி அவ்வியக்கம் இத்துணை விரிந்திராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும், அத்துணைக்கு ஒரு விலையும் இருந்தது. 2017-இல் வெனிசுவேலாவில் அரசை எதிர்த்துக் கிளர்ச்சிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றில் இவ்வியக்கத்தில் பயின்ற இளம் வயோலாக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் துதாமெல் வாய் திறந்து அரசைக் கண்டித்தார். சில திங்களில், தேசிய இளைஞர் இசைக்குழுவுடன் அவர் அமெரிக்கா செல்லவிருந்த பயணம் கைவிடப்பட்டது. பேசியவர் பெரியவர், மேடையை இழந்தவர்களோ, அப்பயணத்திற்காகப் பயின்றுவந்த இளைஞர்கள். பொருளுக்கு ஒரே வாயிலை நம்பியிருக்கும் அமைப்பு, அவ்வாயில் அடைபடும்போது திகைத்து நிற்கும்.

கடன் தருவோர்க்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 2007-இல் இவ்வியக்கத்திற்காக 15 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. பொருள் அளிப்பவர் பயனை அளந்து பார்க்க விரும்புவது இயல்பு. அவ்வாறு 16 மையங்களில், 6 முதல் 14 வயது வரையுள்ள 2,914 பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. பிள்ளைகளின் தன்னடக்கம் சிறிது வளர்ந்ததாக அது தெரிவித்தது. ஆனால், மற்றொரு செய்தியும் வெளிவந்தது. அம்மாநிலங்களில் வறுமை 46.5 விழுக்காடாக இருக்க, இசை பயில இடம்பெற்ற பிள்ளைகளிடையே அது 16.7 விழுக்காடே எனக் கணக்கிடப்பட்டது. ஏழைக்கென்று திறந்த கதவு வழியே ஏழைப் பிள்ளைகள் குறைவாகவே நுழைந்தனர். கதவு திறந்திருப்பதை அறிவதற்கும், பிள்ளையை நாள்தோறும் அழைத்து வருவதற்கும் பெற்றோர்க்கு ஓய்வு வேண்டும்; அந்த ஓய்வு ஏழைக்கு ஏது? நெடுங்காலம் பள்ளிச் சேர்க்கையைக் கண்டவன் என்ற முறையில், இச்செய்தி எனக்கு வியப்பளிக்கவில்லை, வருத்தமே அளித்தது.

ஆசிரியரின் கை நல்ல திசையிலும் திருப்பும். பார்கிசிமேத்தோ நகரில், காது கேளாத பிள்ளைகளுக்கும் இசையில் இடம் வேண்டும் என்று கருதிய ஆசிரியர்கள் ‘வெண்கைகள்’ பாடற்குழுவை அமைத்தனர். ஒரு பகுதியினர் பாடுவர். மற்றொரு பகுதியினர் வெள்ளைக் கையுறை அணிந்து, பாட்டைக் கையசைவால் காட்டுவர். பெற்றோரும் துணை நின்றனர். சிறு குழந்தைகள் உண்மை வயலினைத் தொடுமுன், பெற்றோருடன் சேர்ந்து காகிதக் கூழால் வயலின் செய்து பழகும் வழக்கம் இவ்வியக்கத்தில் உண்டு. தம் கையால் செய்த பொருளை எவரே எளிதில் கைவிடுவர்?

இனிப் பிள்ளைகளைக் குறித்து ஒரு சொல். ஜெஃப்ரி பேக்கர் என்னும் ஆங்கில இசையியல் அறிஞர் 2014-இல் எழுதிய நூலில், இவ்வியக்கத்தில் கட்டுப்பாடு மிகுதி என்றும், பிள்ளைகளின் கருத்துக்கு இடம் குறைவு என்றும் குறை கூறினார். நூறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் கைக்கோலுக்கு அடங்கத்தான் வேண்டும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், வாசித்து முடித்தபின், ‘எதனை வாசிக்க விரும்புகிறாய்? எங்கே உனக்குத் துன்பம்?’ என்று பிள்ளையைக் கேட்பதால் தாளம் தவறிவிடாது.

மாணவர்களே, நாளை உங்களிற் சிலர் இத்தகைய அமைப்புகளுக்குப் பொருள் தருவீர்கள், சிலர் கற்பிப்பீர்கள், சிலர் நிருவாகம் செய்வீர்கள். அப்போது பொருள் தந்தவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். வந்த பிள்ளைகளை எண்ணுவதோடு நில்லாமல், வாராத பிள்ளை யார் என்றும் தேடுங்கள். எந்த முடிவு செய்யும்போதும், அதனால் பயன்பெற வேண்டிய பிள்ளையின் சொல்லையும் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.