தொட்டிக்குள் ஒரு மரம்

(மூத்த குடிமக்களுக்கான நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓய்வுக் காலத்தைப் பயனுள்ள வகையில் கழிப்பது எப்படி என்ற வரிசையில், போன்சாய் மரம் வளர்ப்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் தாவரவியல் படித்தவன் அல்லன். வீவக வீட்டில் சில மரங்களைத் தொட்டியில் வைத்துப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற ஒரே தகுதியோடுதான் உங்கள் முன் நிற்கிறேன். ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் அறிய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நம்மவர் வீடுகளில் போன்சாய் என்றதும் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு. “ஓங்கி வளர வேண்டிய மரத்தைப் பிடித்துச் சின்னத் தொட்டியில் அடைக்கிறீர்களே, அது பாவம் இல்லையா?” என்பதே அது. இக்கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

மரத்தைப் பட்டினி போட்டுத்தான் குட்டையாக்குகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. போன்சாய் என்பது தனியொரு மர வகையும் அன்று. தரையில் நட்டால் ஓங்கி வளரக்கூடிய அதே மரம்தான் அது. வேருக்கு இடம் அளந்து கொடுக்கப்படுகிறது. கிளை நுனி அவ்வப்போது வெட்டப்படுகிறது. அதனால் உயரம் கட்டுக்குள் நிற்கிறது. கேமரன் மலைக்குச் சென்று வந்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். தேயிலையைக் கிள்ளாமலும் கவாத்து செய்யாமலும் விட்டுவிட்டால் அது மரமாகவே உயர்ந்துவிடும். கை ஓயாமல் கிள்ளப்படுவதால் இடுப்பளவில் நிற்கிறது. அதற்காகத் தேயிலைச் செடி நோயுற்றிருப்பதாக யாரும் சொல்வதில்லை.

ஆனாலும், அந்தக் கேள்விக்குள் ஓர் உண்மை இருக்கவே செய்கிறது. தரையில் நிற்கும் மரம், தாகம் எடுத்தால் வேரை நீட்டித் தண்ணீரைத் தேடிக்கொள்ளும். தொட்டி மரத்தால் அது முடியாது. அதன் வேருக்கு நாம் எல்லை வகுத்த அன்றே, அதன் தாகத்திற்கும் பசிக்கும் நாமே பொறுப்பாகிவிடுகிறோம். மரத்தைக் குட்டையாக வைத்திருப்பது பாவம் அன்று. வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் பாவம். நான் இன்று சொல்லப்போவது அனைத்தும் இந்த ஒரு கருத்துக்குள் அடங்கும்.

இக்கலை சீனாவில் தோன்றியது. அங்கே பென்ஜிங் என்பார்கள். கி.பி. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்திய பணியாளர் உருவம் காணப்படுகிறது. ஜப்பான் இக்கலையை ஏற்று வளர்த்தது. ‘போன்’ என்றால் தட்டு, ‘சாய்’ என்றால் நடுதல். தட்டில் நடப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். நம் சிங்கப்பூரிலும் ஜூரோங் சீனத் தோட்டத்தில் சூச்சோ பாணியில் அமைந்த போன்சாய்ப் பூங்கா 1992ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. புதுப்பிப்புப் பணிகளுக்குப் பின் சீனத் தோட்டம் 2024ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. மரம் வாங்குமுன் ஒருநாள் அங்கே சென்று பார்த்து வாருங்கள்.

எந்த மரத்தை வாங்குவது? நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய மரத்தைத்தான் வாங்க வேண்டும். மேப்பிள் போன்றவை ஆண்டுக்கொரு முறை இலை உதிர்த்துக் குளிரில் ஓய்வெடுக்கும் மரங்கள். நம் நாட்டில் அந்த ஓய்வு அவற்றுக்குக் கிடைக்காது. தொடங்குவோருக்கு மிகவும் ஏற்றது ‘ஃபைக்கஸ்’ என்று கடைகளில் விற்கப்படும் இச்சி மரம். மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்பார்கள். சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அடுத்து, வாட்டர் ஜாஸ்மின். வெள்ளைப் பூக்கள் காம்பில் தொங்கி மணம் வீசும். அதன் இலைகளை முழுதும் கிள்ளிவிட்டால் சில வாரங்களில் புதுத் தளிரும் மொட்டும் சேர்ந்து வரும். ஆல், அரசு ஆகியவற்றை வீட்டில் வைக்கக் கூடாது என்று கருதும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் மனம் கோணாமல் புளியை வளர்க்கலாம். மாலை ஆனதும் இலையை மூடிக்கொள்ளும் அழகே தனி. விதை போட்டால் அடிமரம் பருக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ஓரளவு வளர்ந்த கன்றாகப் பார்த்து வாங்குவது நல்லது.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா? மண்ணின் மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அவற்றைப் பெயர்த்து எடுத்துவிட வேண்டும். அடிமரத்தை மெல்ல அசைத்தால் ஆடுகிறதா? ஆடினால் வேர் பிடிக்கவில்லை என்று பொருள்.

இனி, மரத்தை எங்கே வைப்பது? தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் அலங்காரப் பொருளாக வைக்க வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான மரங்களைக் கொல்கிறது. போன்சாய் வெட்டவெளி மரம். நம் கண்ணுக்கு வரவேற்பறை வெளிச்சமாகத் தோன்றலாம்; இலைக்கு அது இருட்டு. குளிர்சாதனக் காற்றோ இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஊசியிலை உடைய ஜூனிப்பர் மரத்தை உள்ளே வைத்தால், வேர் செத்த பின்னும் பல வாரங்கள் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும். ஐயம் இருந்தால் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது.

நாள்தோறும் நான்கைந்து மணி நேர வெயில் படும் இடம் வேண்டும். விருந்தினர் வரும் நாளில் மட்டும் உள்ளே கொண்டுவந்து, மறுநாள் வெளியே வைத்துவிடலாம். தாழ்வாரத்தில் வைப்பவர்கள், ஆபத்து நேரத்தில் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலத்திற்குப் பாதை விட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தடுப்புச் சுவர் மேலோ சன்னல் விளிம்பிலோ தொட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். மேல் மாடியிலிருந்து விழும் தொட்டி ஓர் உயிரைப் பறித்துவிடும்.

அன்பர்களே, இப்போது தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆகும் என்று ஜப்பானியத் தோட்டக்காரர்கள் சொல்வது வழக்கம். “ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊற்ற வேண்டும்?” என்று கேட்பார்கள். அதற்குக் கணக்கு இல்லை. காற்றடிக்கும் கடும் வெயில் நாளில் இரு முறை தேவைப்படும். அடைமழை நாளில் ஒரு முறையும் தேவைப்படாது. மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சாத்தே குச்சி ஒன்றை மண்ணில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திற்குச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி ஈரமாகவும் கறுத்தும் இருந்தால் பொறுத்திருங்கள். உலரத் தொடங்கியிருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அரைக் குவளை தெளித்து நிறுத்திவிடாதீர்கள். அடித்துளை வழியாக வழியும் வரை ஊற்றி, சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊற்றுங்கள். மண் முழுதும் நனைய வேண்டும். அதே நேரத்தில் நீர் தேங்கி நிற்கவும் கூடாது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். எந்நேரமும் சேற்றில் நிற்கும் வேர் அழுகிப்போகும்.

அடித்தட்டில் தேங்கும் நீரினால் இன்னொரு கேடும் உண்டு. கொசு முட்டை ஏறக்குறைய ஒரே வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். நம் தொட்டித் தட்டு அண்டை வீட்டுக் குழந்தைக்கு டெங்கிக் காய்ச்சலைத் தந்துவிடக் கூடாது. தட்டே இல்லாமல் இருப்பது உத்தமம். இருந்தால் நாள்தோறும் கவிழ்த்துத் துடைத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும்போது, தொட்டியின் ஒரு பக்கத்தின் அடியில் சிறு மரக்கட்டையை வைத்துச் சாய்த்துவிட்டால் மிகுதி நீர் வழிந்து ஓடிவிடும்.

மண்ணும் அதற்கேற்றபடி அமைய வேண்டும். தோட்டத்துக் களிமண் ஆழமில்லாத தொட்டிக்கு உதவாது. சுட்ட மண், பொடித்த செங்கல், கரட்டு மணல் ஆகியவற்றைக் கலந்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, பச்சைப் பயறு முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவில் உள்ளவற்றைப் பயன்படுத்துங்கள். இப்படிப்பட்ட மண்ணில் சத்து தங்காது. ஆகவே உரத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்திற்கு ஒரு முறை இடலாம். நோயுற்ற மரத்திற்கும், புதிதாக மண் மாற்றிய மரத்திற்கும் உரம் கூடாது.

வெட்டுவதைப் பற்றிச் சில வார்த்தைகள். புதுக் கிளையில் ஆறு அல்லது ஏழு இலை வந்ததும் இரண்டு இலை விட்டு வெட்டுங்கள். கிளையை வளைக்க அலுமினியக் கம்பியைச் சுற்றுவார்கள். நம் வெப்பத்தில் கிளை விரைவில் பருத்துவிடும். வாரந்தோறும் பார்த்து, கம்பி பட்டையில் பதியுமுன் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட வேண்டும். சுழற்றி எடுத்தால் கிளை முறியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மரத்தை வெளியே எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கி, புது மண்ணில் வைத்து, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். வேரை நறுக்குவது, கிளையைப் பெரிதாக வெட்டுவது, கம்பி சுற்றுவது ஆகிய மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒன்றிலிருந்து மரம் தேறி, புதுத் தளிர் விட்ட பிறகே அடுத்தது.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி தென்பட்டால் பழைய பல் துலக்கியைச் சோப்பு நீரில் தோய்த்துத் தேய்த்துவிடுங்கள். நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு கிளையில் இருக்கும்போதே தெரியும். மாதம் ஒரு முறை பார்ப்பவர் கண்ணுக்கு மரம் முழுதும் பரவிய பின்புதான் தெரியும்.

இறுதியாக, நம் வயதினர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு மாதம் தமிழகம் சென்று வர நினைக்கிறோம். அல்லது மருத்துவமனையில் சில நாள் தங்க நேர்கிறது. அப்போது தண்ணீர் யார் ஊற்றுவது? வெயில் காலத்தில் ஆழமில்லாத தொட்டி மரம் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது.

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தேசியத் தாவரப் பூங்காவில் வெள்ளைப் பைன் மரம் ஒன்று இருக்கிறது. அது 1625ஆம் ஆண்டு முதல் தொட்டியில் பயிற்றப்பட்டு வருவது. ஹிரோஷிமாவில் யாமாக்கி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்தனர். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் அணுகுண்டு வீசப்பட்டபோது, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு சுவரின் மறைவில் இருந்த அம்மரம் தப்பியது. 1976ஆம் ஆண்டில் மசாரு யாமாக்கி அம்மரத்தைக் குண்டு வீசிய அந்த நாட்டிற்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். 2001ஆம் ஆண்டில் அவருடைய பேரர்கள் அதைப் பார்க்க வந்தபோதுதான், அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது அங்குள்ளோருக்குத் தெரியவந்தது.

நானூறு ஆண்டுகள்! இத்தனை காலமும் யாரோ ஒருவர் அந்தத் தொட்டியின் ஈரத்தைப் பார்த்திருக்கிறார். ஒருவர் கை ஓய்ந்தபோது இன்னொருவர் கை அதை ஏற்றிருக்கிறது. ஆகவே மரம் வாங்கும் அன்றே, பேரப்பிள்ளையையோ அண்டை வீட்டாரையோ பக்கத்தில் அமர்த்தி, சாத்தே குச்சியைக் கையில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். பயணச் சீட்டு வாங்கிய பிறகு சொல்லிக் கொடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு மரத்தோடு தொடங்குங்கள். அது ஓராண்டு நலமாக நின்ற பிறகு இரண்டாவதை வாங்குங்கள்.