புதுக் கலைஞர் என்னும் பட்டம்

இலண்டன் மாநகரின் இஸ்லிங்ரன் பகுதியில், நைஜீரிய வழிவந்த குடும்பத்தில் 1994இல் பிறந்தவர் சிம்பியாத்து அஜிக்காவோ. லிற்றில் சிம்ஸ் என்பதே அவர்தம் மேடைப் பெயர். அவ்விடத்து இளைஞர் மன்றமொன்றிலே கலை பயின்றவர். அமெரிக்கப் பாடகி லோறின் ஹில்லின் வழியைப் பெரிதும் விரும்பியவர். ஹிப் ஹொப் என்றாலே வெறும் ஆரவாரமெனக் கருதும் நேயர்கள் இவருடைய சொற்களுக்குச் சற்றுச் செவிசாய்த்தல் நன்று. தந்தைபால் கொண்ட மனத்தாங்கலும் தம் கூச்சமும் அங்கே ஒளிவின்றிப் பேசப்படுகின்றன.

முதல் இசைத்தொகுதியை 2015இல் தாமே நிறுவிய அமைப்பின் வாயிலாக வெளியிட்டார். ஏழாண்டுகள் கழித்து, 2022இல், பிரிட் விருது வழங்குவோர் அவரைச் சிறந்த 'புதுக்' கலைஞர் என்றனர்! பெரிய நிறுவனம் எதனையும் சாராதவராகையால், செலவைத் தாங்கவியலாது அவ்வாண்டே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டார். சில திங்கள் கழித்து, ஒக்ரோபரில், மேர்க்குரிப் பரிசு அவரைத் தேடிவந்தது.