உதவி பெறும் பிள்ளையின் முகம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"அன்றாட வாழ்வும் தொழில்நுட்பமும்" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். தலைப்புப் பெரியது. நான் கணினி படித்தவள் அல்ல. பளையில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆகவே எனக்குத் தெரிந்த ஊரில், எனக்குத் தெரிந்த பிள்ளைகளின் வாழ்க்கையில் கைத்தொலைபேசி என்ன செய்திருக்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன். அதிலும் ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்க வேண்டும் என்றே வந்திருக்கிறேன். அது எங்கள் சங்கத்தோடும் நேரடியாகத் தொடர்புள்ள விடயம்.

பளையை உங்களில் பலர் ஏ-9 வீதியால் கடந்து போயிருப்பீர்கள். ஆனையிறவு தாண்டி, இயக்கச்சி தாண்டி, இரு பக்கமும் தென்னந்தோட்டம் வரும் இடம். 2000 ஏப்ரலில் ஆனையிறவுச் சண்டையோடு அந்த ஊர் இடம்பெயர்ந்தது. 2002 இல் பாதை திறந்ததும் சிலர் திரும்பினோம். 2006 ஆகஸ்டில் முகமாலை வழி மூடப்பட்டதோடு மறுபடியும் ஓட்டம். யுத்தம் முடிந்து மீளக் குடியேறியபோது வளவுகளில் தலையில்லாத தென்னைகள் நின்றன. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்த வேலையில் எங்கள் பெண்களும் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறினார்கள். 1990 இல் நின்றுபோன ரயில் 2014 மார்ச்சில் பளை வரை வந்தது. அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கும்வரை பளைதான் கடைசி நிலையம்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், படிப்பித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஒரு தாய் செஞ்சிலுவைச் சங்கத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தால், பதில் வர வாரக்கணக்கு ஆகும். இன்று அதே தாய் கிணற்றடியில் நின்றபடி சுவிசில் இருக்கும் பேரனின் பிறந்தநாள் கேக்கைப் பார்க்கிறார். இடையில் மற்ற ஊர்கள் கண்ட படிகள் எதையும் நாங்கள் காணவில்லை. வீட்டுத் தொலைபேசி வந்து, பிறகு கணினி வந்து, அதன் பிறகு கைத்தொலைபேசி வரவில்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒன்றாக வந்து சேர்ந்தன.

அந்தப் பெட்டி செய்த நன்மையைச் சொல்லாமல் விட்டால் அது நன்றிகெட்ட பேச்சாகும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் என்று முறை வைத்துப் படித்தார்கள். சிக்னல் கிடைக்கும் வேலிக் கரையில் கதிரை போட்டு, வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித் தாளைக் கொப்பியில் பார்த்து எழுதினார்கள். 2022 இல் பெற்றோல் எடுக்க கியூஆர் வேண்டும் என்றபோது, தகப்பனுக்கு அதைப் பதிந்து கொடுத்தது பத்தாம் வகுப்பு மகள். 2023 இல் அஸ்வெசும வந்தபோது, அம்மம்மாவின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு விபரம் பார்த்ததும் அவள்தான். முன்பு ஊருக்குக் கடிதம் வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளை இருக்கும். இன்று வீட்டுக்கு வீடு அந்த வேலையைப் பெண்பிள்ளைகள் செய்கிறார்கள். எந்தச் சான்றிதழிலும் எழுதப்படாத திறமை அது.

உதவியும் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் வருகிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஒருவர் இரவு பணம் அனுப்பினால், மறுநாள் பளையில் ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் கிடைக்கிறது. ஐந்தாறு கிலோமீற்றர் வெயிலில் நடந்து வரும் பிள்ளைக்குச் சைக்கிள் என்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மழைக் காலத்திலும் வரவு குறையாது. மாலை வகுப்புக்கு நிற்கலாம். சில பிள்ளைகளுக்கு சாதாரண தரப் பரீட்சை வரை வருவதா, இடையில் நிற்பதா என்பதையே அது தீர்மானித்திருக்கிறது.

ஆனால் சைக்கிளோடு கமராவும் வருகிறது. நான் சொல்ல வந்த விடயம் இதுதான்.

நீங்கள் எல்லோரும் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் பதாகை, அதில் கொடுப்பவரின் பெயரும் படமும். முன்னால் சீருடையில் ஒரு பிள்ளை, சைக்கிள் கைபிடியை ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் ஒரு பெரியவரும் பிடித்தபடி. அடியில் பிள்ளையின் பெயர், பாடசாலை, கிராமம், "தந்தையை இழந்த" என்று ஒரு வரி. சில இடங்களில் படத்தோடு நிற்பதில்லை, வீடியோவும் உண்டு. வீட்டுக்குள் போய் உலையில் என்ன வேகிறது என்று காட்டுகிறார்கள். "அப்பா எங்கே அம்மா?" என்று பிள்ளையைக் கேட்டு, அவள் கண் கலங்கும்வரை கமராவை எடுப்பதில்லை. அவள் அழுதால் பார்ப்பவர்கள் கூடுகிறார்கள், பணமும் கூடுகிறது. ஆகவே அழவைப்பதே ஒரு வேலைமுறை ஆகிவிட்டது.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை, சைக்கிள் பட்டியலில் தன் பெயர் இருப்பதை அறிந்து என்னிடம் வந்தாள். "ரீச்சர், எனக்குச் சைக்கிள் வேண்டாம். படம் எடுப்பினம்" என்றாள். நடந்து வருவது அவளுக்குப் பழகிவிட்டதாம். நடந்து வருவதற்குப் பழகிய பிள்ளை, படத்துக்கு நிற்பதற்குப் பழக மறுத்தாள். அதைப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. என்ன நடக்கும் என்பதை எங்களைவிட அவள் நன்றாக அறிந்திருந்தாள்.

என்ன நடக்கிறது? முதலில், அந்தப் படம் வகுப்புக்குள் வருகிறது. எல்லா வீட்டிலும் போன் இருக்கிறது. சண்டை வந்தால் "உன்ர வீட்டு உலையை நாங்கள் பார்த்தனாங்கள்" என்று ஒரு சொல் விழுகிறது. அடுத்து, பிள்ளையின் பெயரும் ஊரும் தெரிந்த அந்நியர் உதவி செய்கிறேன் என்று போன் எடுக்கிறார்கள். தகப்பன் இல்லாத வீடு, தாய் கூலிவேலைக்குப் போகும் வீடு என்ற விபரத்தை நாங்களே உலகத்துக்கு அறிவித்துவிட்டோம் அல்லவா? மூன்றாவது, காலம் போகிறது, படம் போவதில்லை. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போவாள், வேலைக்குப் போவாள், கலியாணம் பேசுவார்கள். யாராவது பெயரைத் தேடினால் முதலில் வருவது பதின்மூன்று வயதில் கண் கலங்கி நின்ற முகம். கொடுத்தவர் அதை என்றோ மறந்திருப்பார்.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர்களின் பக்கமும் எனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, அந்தக் காசில் மிச்சம் பிடித்து அனுப்புகிறார்கள். பணம் போய்ச் சேராமல் இடையில் மறைந்த கதைகளும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஆதாரம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். அந்த வீடியோக்களால் கிணறும் கூரையும் கிடைத்த குடும்பங்களும் உண்டு. அதையும் மறுக்க முடியாது. என் கேள்வி ஒன்றுதான்: பணம் சேர்ந்ததற்குப் பற்றுச்சீட்டாகப் பிள்ளையின் முகத்தை ஏன் கேட்கிறோம்?

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் தாய்மாரைக் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் பாடசாலை ஒரு படத்தை வெளியிடுவதற்கு முன் உங்களிடம் சம்மதப் படிவம் அனுப்புகிறதே. விரும்பாவிட்டால் "இல்லை" என்று எழுதுகிறீர்கள், அதனால் உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. பளையில் அந்தப் பிள்ளையின் தாயிடமும் சிலர் கேட்கிறார்கள்தான். ஆனால் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு கேட்கிறார்கள். "இல்லை" என்றால் சைக்கிள் போய்விடுமோ என்று பயப்படும் தாய் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுக்கலாமா?

சட்டமும் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தனிமை உரிமை உண்டு என்று அதன் 16 ஆம் உறுப்புரை சொல்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளைப் பற்றிய தரவை விசேட கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் பளையில் ஒரு தாய் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. கொடுக்கும் இடத்தில் இருக்கும் நாங்கள்தான் முறையை மாற்ற வேண்டும்.

நாங்கள் விடுதியில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களில் சிலருக்கு விடுதிக் கட்டணம் வேறு யாரோ கட்டினார்கள். யாருக்கு, யார் கட்டினார்கள் என்பது அதிபருக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் மட்டும் தெரியும். எங்களுக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. இந்த மண்டபத்தில் அவர்களும் எங்களோடு சமமாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று திரும்பிப் பார்க்க எங்களால் முடியாது என்பதே இந்தக் கல்லூரி அவர்களுக்குச் செய்த பெரிய மரியாதை.

அந்த முறையைப் போனும் வங்கியும் உள்ள இந்தக் காலத்துக்கு ஏற்றபடி செய்வது கடினம் இல்லை. நான் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

பணத்தைத் தனி ஆளின் கணக்குக்கு அனுப்பாமல், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்புங்கள். கடைப் பற்றுச்சீட்டையும் சைக்கிளின் பிரேம் இலக்கத்தையும் கேளுங்கள். படம் வேண்டும் என்றால் சைக்கிளை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஓர் இலக்கம் கொடுத்து, பெயர்ப் பட்டியலை அதிபரும் சங்கத்தில் இரண்டு பேரும் மட்டும் வைத்திருக்கலாம். தவணைக்கு ஒருமுறை, "7 ஆம் இலக்கப் பிள்ளையின் வரவு இத்தனை நாள், இப்போது இத்தனையாம் வகுப்பு" என்று வகுப்பாசிரியர் இரண்டு வரி எழுதட்டும். உதவி பயன்பட்டதா என்பதை எந்தப் படத்தைவிடவும் அந்த இரண்டு வரி தெளிவாகச் சொல்லும். வருட முடிவில் கணக்கைப் பரிசோதித்து எல்லோருக்கும் அனுப்புங்கள். களவு போவதைக் கணக்குத்தான் தடுக்கும். ஐம்பது படம் எடுத்துவிட்டு ஒரு சைக்கிளைத் திருப்பிக் கொண்டுபோகவும் ஆட்களால் முடியும்.

கொடுக்கும் விழாவும் வேண்டாம். பிள்ளை தாயோடு கடைக்குப் போய், தனக்குப் பொருத்தமான உயரத்தில் ஒன்றைத் தெரிந்து எடுக்கட்டும். மறுநாள் அவள் அதில் பாடசாலைக்கு வரும்போது, அது அவளுடைய சைக்கிள். யார் வாங்கித் தந்தது என்று சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவள் விருப்பம்.

ஏற்கெனவே போட்ட படங்களை என்ன செய்வது? எங்கள் சங்கத்தின் கிளைகள் ஒவ்வொன்றும் தங்கள் முகநூல் பக்கத்தில் பின்னோக்கிப் போய், பிள்ளைகளின் முகமும் பெயரும் உள்ளவற்றை எடுத்துவிடலாம். ஒரு மாலை வேலைதான். வேறு ஆட்கள் போட்ட வீடியோவில் உங்களுக்குத் தெரிந்த பிள்ளை இருந்தால், அவர்களிடம் நீக்கும்படி கேளுங்கள். மறுத்தால் யூரியூப்பிலும் முகநூலிலும் தனியுரிமை முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது. அதைச் செய்ய அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் உதவி செய்யுங்கள். படத்தைப் பார்த்து யாராவது பிள்ளைக்குத் தொல்லை கொடுத்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழைக்கலாம். அப்படியான வீடியோ உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், "பாவம்" என்று எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டாம். பளையில் புறப்பட்ட ஒரு படம் ரொறன்ரோ போய், அரை மணித்தியாலத்தில் பளைக்கே திரும்பி வந்து அதே பிள்ளையின் வகுப்புத் தோழியின் கையில் நிற்கிறது.

கமரா கெட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். புலோப்பளையில் சுழலும் காற்றாலைகளையும், கிளாலிக் கடலையும், தாய் நட்டு இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கும் தென்னையையும் எடுக்கிறார்கள். விளையாட்டுப் போட்டியில் வென்ற கிண்ணத்தோடு சிரித்தபடி தங்களையும் எடுக்கிறார்கள். தங்களை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் சங்கத்துக்கு நூறு வயது. இந்த ஆண்டு பல நல்ல தீர்மானங்கள் எடுப்போம். அவற்றோடு இதையும் ஒன்றாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: இச்சங்கத்தின் பெயரால் உதவி பெறும் எந்தப் பிள்ளையின் முகத்தையும், பெயரையும், வீட்டையும் நாங்கள் வெளியிடமாட்டோம். செயற்குழு இதை எழுத்தில் எழுதி, எல்லா நாட்டுக் கிளைகளுக்கும் அனுப்பட்டும்.