கடல் தெரியாத அறை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

"பெண்களும் ஆரோக்கியமும்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். நீரிழிவைப் பற்றியும் கொழுப்பைப் பற்றியும் பேசிவிட்டு, பகல் புரியாணியை உங்கள் தொண்டையில் சிக்கவைக்க எனக்கு மனமில்லை. அதனால் ஒரு ஹோட்டலில் நான் தங்கிய ஓர் இரவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆரோக்கியமும் கடைசியில் வரும், பயப்பட வேண்டாம்.

என்னோடு தரம் ஒன்பதில், பத்தில் படித்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சுற்றுலா நினைவிருக்கும். அந்த வருடத் தொடக்கத்தில் சில மாதங்கள் போர்நிறுத்தம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் பாடசாலை எங்களைக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றது. மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை எல்லாம் பார்த்துவிட்டு மாலையில் காலிமுகத்திடலில் இறங்கினோம். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அந்தக் கரையோர நடைபாதையை 1859இல் முடித்தபோது வைத்தது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பாதுகாக்கும்படி, தமக்குப் பின் வரும் ஆளுநர்களை அவர் அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். "வாசியுங்க பிள்ளைகள், இது உங்களுக்குத்தான்" என்றார் வரலாற்று டீச்சர். நாங்கள் இறால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தோம்.

திடலின் தெற்கு முனையில் நீளமான ஒரு கட்டடம். வாசலில் வெள்ளை உடுப்பும் பெரிய வெள்ளை மீசையுமாக ஒருவர் நின்று, காரால் இறங்கும் எல்லோரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். "அது கோல்பேஸ் ஹோட்டல்" என்றார் டீச்சர். நாங்கள் தூரத்தில் நின்று பார்த்தோம். கிட்டப் போகவில்லை. வரிப்பத்தான்சேனையில் வேளாண்மை செய்பவரின் மகளுக்கு, அது போகக்கூடிய இடம் என்ற எண்ணமே வரவில்லை.

அந்தக் கட்டடத்தின் கதையைப் பின்னர்தான் வாசித்தேன். ஒல்லாந்தர் காலத்து மாளிகை ஒன்று இருந்த இடத்தில் 1864இல் ஹோட்டல் தொடங்கியது. அந்த நாளில் நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் போகும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். அதன்பிறகு ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் பயணிகள் கொழும்பில் இறங்கத் தொடங்கினார்கள். இறங்கியவர்களுக்குப் படுக்கை வேண்டுமே! துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிராண்ட் ஓரியண்டல், கடற்கரையில் கோல்பேஸ் என்று கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் அப்படித்தான் வளர்ந்தன. சிங்கப்பூரின் ராபிள்ஸ் 1887இல் வந்தது. பம்பாயின் தாஜ் 1903இல். அந்தக் கணக்கில் கோல்பேஸ் இரண்டுக்கும் மூத்த ராத்தா.

விண்வெளிக்கு முதலில் போய் வந்த யூரி ககாரின் அங்கே தங்கியவர். ஆர்தர் சி. கிளார்க் தமது '3001' நாவலின் கடைசி அத்தியாயங்களை அங்கிருந்துதான் எழுதி முடித்தார். இங்கிலாந்து மகாராணியின் கணவர் பிலிப், இளம் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது ஓட்டிய 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் கார் இன்றும் அங்கே காட்சிக்கு நிற்கிறது.

ஆனால் எனக்குப் பெரியவராகத் தெரிந்தவர் நாங்கள் தூரத்தில் நின்று பார்த்த அந்த மீசைக்காரர்தான். பெயர் கொட்டாரப்பட்டு சாத்து குட்டன். கேரளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 1942இல் அந்த ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. குண்டு விழுந்த அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை. 2014 நவம்பரில், 94 வயதில் காலமாகும்வரை அந்த ஹோட்டல் ஊழியராகவே இருந்தார். 72 வருடங்கள்! ஹோட்டலுக்கு அப்போது 150 வயது. அதில் ஏறக்குறைய பாதியை அவர் கண்டிருக்கிறார். அரசர்களும் வந்தார்கள், அமைச்சர்களும் வந்தார்கள், போனார்கள். வாசலில் நின்றவர் அவர்.

இனி என் இரவுக்கு வருகிறேன். 2023இல் உம்மாவைக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றேன். மறுநாள் கண்கட்டை அவிழ்த்தார்கள். பல வருடங்களாகப் புகைபோலத் தெரிந்த உலகம் அவருக்குத் துலங்கியது. அந்தக் கண்ணால் முதலில் ஏதாவது நல்லதைப் பார்க்கட்டும் என்று நினைத்து, சேமிப்பிலிருந்து ஒரு தொகையை எடுத்து, கோல்பேஸில் ஓர் இரவுக்கு அறை எடுத்தேன். கடலைப் பார்த்த அறை. அதற்குத்தான் விலை கூட.

வாசலில் உம்மாவின் கால் நின்றுவிட்டது. "மகள், நமக்கு இஞ்ச என்ன அலுவல்? வேற இடம் பாப்பமே" என்றார். விலையை நினைத்துச் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21, அதுவும் ஓர் ஈஸ்டர் ஞாயிறுதான். மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வைத்தவர்கள் நமது பெயர்களை உடையவர்கள். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதிலும் வெடித்தது. அந்த வருடத்துக்குப் பிறகு, முக்காடு போட்ட நமது தாய்மாருக்குப் பெரிய கட்டடங்களின் வாசல் என்றால் கால் கூசும். நம்மை என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். நான் டொக்டர், எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. குட்டன் இல்லாத வாசலில் வேறொரு இளைஞர் நின்றார். உம்மாவைப் பார்த்தார், கைகூப்பினார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா யோசித்து முடிக்கும்வரை நின்றார். நாங்கள் உள்ளே போனோம்.

மாலையில் புல்வெளிக்கு முன்னால் கொடி இறக்கும் சடங்கு நடந்தது. ஒருவர் பேக்பைப் ஊதினார். உம்மா ரசித்துப் பார்த்தார். "நம்மட கலியாணப் பைத்தை விட இது சத்தம் கூட" என்று தீர்ப்பும் சொன்னார். எல்லாம் நன்றாகவே போனது. இஷாவுக்குப் பிறகுதான் வினை.

அறையில் விளக்கை அணைத்ததும் கடல் சத்தம். கற்சுவரில் அலை வந்து அடிக்கிற சத்தம். உம்மா எழுந்து உட்கார்ந்தார். "எனக்குக் கண் மூட ஏலா மகள்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2004 டிசம்பர் 26இல் எங்கள் சாச்சியும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளும் கரையோரத்தில், அவர்களுடைய சொந்த வீட்டுக்குள் இருந்து போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்தானார்கள் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களூர் கடலுக்கு எட்ட, குளத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அன்றைக்குப் பிறகு உம்மா கடலின் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு இரவும் தங்கியதில்லை. மகளுக்கு அது நினைவில்லை. பணம் கூடக் கொடுத்துக் கடலை வாங்கி அவர் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

கீழே இறங்கிப் போனேன். வரவேற்பு மேசையில் ஓர் இளம் பெண் இருந்தார். "கடல் தெரியாத அறை ஒன்று வேண்டும்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கணினியைப் பார்த்தார். "அம்மா எத்தனை படி ஏறுவார்?" என்று மட்டும் கேட்டார். பத்து நிமிடத்தில் உள்பக்கத்தில், வீதியைப் பார்த்த அறை ஒன்று தயாராகியது. கண்ணில் சத்திரசிகிச்சை செய்ததால் குனிந்து சுஜூது செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தொழுவதற்கு முதுகு நேரான கதிரை ஒன்று கேட்டேன். அதுவும் வந்தது. உம்மா சுபஹு வரை தூங்கினார்.

அந்த இரவு நான்தான் தூங்கவில்லை. இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வந்தன.

முதலாவது இந்தப் பாடசாலை. 1991இல் தகரப்பெட்டியோடு தரம் ஆறுக்கு வந்தபோது எனக்கு மேல்மாடி விடுதியில் கட்டில் தந்தார்கள். நான் அதுவரை மாடி வீட்டில் படுத்ததில்லை. இரவில் புரண்டு கீழே விழுந்துவிடுவேன் என்று பயம். வெட்கத்தால் சொல்லவும் முடியவில்லை, படியடியில் பெட்டிக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். விடுதிப் பொறுப்பாளர் வந்து பார்த்தார். "இந்தக் கிழமை கீழே நோயாளர் அறையில் படுங்க. அங்க ஆள் இல்லாமக் கிடக்கு" என்றார். பயமா என்று கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவுமில்லை. எட்டாம் நாள் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அன்றைக்கு என்னை வற்புறுத்தி மேலே அனுப்பியிருந்தால், அந்த வார இறுதியிலேயே வாப்பாவின் சைக்கிளில் ஊருக்குத் திரும்பியிருப்பேன். இன்று இந்த மேடையில் ஒரு டொக்டர் குறைந்திருப்பார்.

இரண்டாவதைச் சொல்வது கஷ்டம். ஆனால் அதைச் சொல்லத்தான் வந்தேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு கிளினிக்கில், மேசையில் எண்பது கொப்பிகள் அடுக்கியிருந்த ஒரு நாள், வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. "டொக்டரோட தனியாக் கதைக்க ஏலுமா?" வரிசையில் நிற்கச் சொல்லி யாரோ பதில் சொன்னார்கள். வரிசையில் ஆண்களும் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், "அப்ப இன்னொரு நாள் வாறன்" என்றது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் தலையை நிமிர்த்தவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் வந்தார். மார்பில் கட்டி. அதை ஆண்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் அன்று திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த வருடம் மௌத்தானார். அந்த எட்டு மாதம்தான் அவர் உயிரைத் தீர்மானித்தது என்று எந்த வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்று நான் எழுந்து பத்து அடி நடந்திருக்கலாம். அது உறுதி.

ஒரு ஹோட்டலில் காசு வாங்கிக்கொண்டு செய்ததை, இலவச வைத்தியம் செய்யும் நான் செய்யவில்லை. கோல்பேஸிலிருந்து வந்த பிறகு என் கிளினிக்கில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். வாசலில் ஒரு கதிரை, பக்கத்தில் ஒரு பெண் உதவியாளர். தனியாகப் பேச வேண்டியவர் வாய் திறக்கத் தேவையில்லை. கிளினிக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். உள்ளே அழைப்போம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று கொப்பிகள் தலைகீழாக வருகின்றன.

செயலாளருக்குக் கொடுத்த வாக்கும் இத்தோடு நிறைவேறட்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் இலவசமாக நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். மார்பில் கட்டியோ மாற்றமோ தெரிந்தால் நோவு வரும்வரை காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இருக்காது. போகத் தயங்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், புத்தி சொல்வதோடு நிறுத்தாமல் கூடப் போங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாம், மண்டபத்துக்கு நிறம் பூசலாம், அவையும் தேவைதான். அதோடு, ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகள் சேரும் முதல் கிழமையில் நம்மில் இருவர் வாசலிலும் இருவர் விடுதிப் படியடியிலும் நிற்போம். தூர ஊர்களிலிருந்து வரும் பிள்ளை எங்கே தயங்கி நிற்கிறாள் என்று பார்ப்போம். காரணம் கேட்காமல் கட்டிலை மாற்றிக் கொடுப்போம். வரும் வருடத்துக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

உம்மாவின் கதையை முடிக்கவில்லை. நமது கரையில் தொழும்போது கடல் முதுகுப் பக்கம் இருக்கும். கொழும்பில் கிப்லாவின் பக்கம்தான் கடல். சுபஹைக் கதிரையில் இருந்து தொழுது முடித்த உம்மா, "அந்தச் சுவருக்கு அங்கால கடல்தானே?" என்று கேட்டார். ஆம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வெளிச்சம் வரட்டும், ஒருக்காப் போய்ப் பாப்பம்" என்றார். விடிந்ததும் கீழே போய், கடலோர மேசையில் இரண்டு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்தோம். புதிய கண்ணால் நீண்ட நேரம் பார்த்தார். சாச்சியின் பெயரை ஒருமுறை சொன்னார். பிறகு தேநீரில் சீனி போதாது என்றார்.

எனக்கு அன்று மாடியில் ஏறாமல் படுக்க இடம் தந்த அந்தப் பொறுப்பாளர் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கும், நமக்குக் கதவு திறந்து நின்ற எல்லா ஆசிரியைகளுக்கும் இறைவன் நற்கூலி வழங்கட்டும்.