அம்மா வேலைக்குப் போகிறாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முதலில் கொடுத்த தலைப்பு 'உற்பத்தித் துறையில் வேலைவாய்ப்பு'. அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே பத்துப் பேராவது இருக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்களைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "அதை ஒரு லேடி பேசினா நல்லா இருக்குமே சார்" என்றார் சங்கச் செயலாளர். அப்படி நாம நினைக்கிறதுதான் பிரச்சினையே, நானே பேசுகிறேன் என்றேன். கோபித்துக்கொள்ளாமல் ஒத்துக்கொண்டார்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் அந்த நாளில் ஒரு பெண் சேர்ந்தார். பெயர் அ. லலிதா. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பம். 15 வயதில் கல்யாணம், 1937-ல் பெண் குழந்தை. குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன வாழ்க்கை என்று உங்கள் வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் இவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். 1943-ல் படிப்பு முடிந்தது. நாட்டின் முதல் பெண் மின்பொறியாளர் அவர்தான். சான்றிதழில் ஆணுக்கென்று அச்சடித்து வைத்திருந்த சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்களாம்! 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணை மின்சார வேலையில் அவர் கையும் உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய்வந்தார்.

மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் வரும், இப்போதும் வந்தது. நான் கேட்பது வேறு. அந்தக் குழந்தை எங்கே இருந்தது? அம்மா படிக்கும்போது உறவினர் வீட்டில். அம்மா விடுதியில் தங்கி, வார விடுமுறையில் போய்ப் பார்த்தார். கல்கத்தா வேலையை எடுத்ததற்கு ஒரு காரணம், அங்கே அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. இவர் ஆபீஸ் போக, குழந்தையை அந்த வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டு அம்மாளின் பெயரை நான் படித்த எதிலும் பார்க்கவில்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் அவரும்தான் நிற்கிறார்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிக்கு பஸ், அங்கிருந்து லோக்கல் ரயில், அரக்கோணம், திருவள்ளூர் தாண்டி சென்னை. என் மனைவி இப்படித்தான் வேலைக்குப் போகிறாள். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடிக் கூட்டத்தில் ரயிலைவிட்டு இறங்கவே பாடு, பஸ்ஸும் கிடைக்காது. முருகன் மன்னிக்கட்டும், அந்த மூன்று நாள் எங்கள் வீட்டில் பக்தியைவிடப் பதற்றம்தான் அதிகம்.

எங்கள் மகளுக்கு நாலு வயது. அம்மா பார்த்துக்கொண்டாள், அம்மாவுக்கு முடியாத நாளில் அடுத்த வீட்டு அவ்வா. நானும் 'ஹெல்ப்' பண்ணுகிறவன்தான் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒரு நாள் காலை, ஃபேக்டரியில் லைனை அளக்கிற மாதிரி வீட்டையும் அளந்து பார்த்தேன். நாலரை மணியிலிருந்து ஆறேகால் வரை. தண்ணீர் பிடிப்பது, பால் காய்ச்சுவது, இட்லி ஊற்றுவது, அம்மாவுக்கு மாத்திரை, டிபன் பாக்ஸ், குழந்தையின் யூனிஃபார்ம் என்று அவள் கணக்கில் 17 வேலை. என் கணக்கில் மூன்று. அதில் ஒன்று காபி குடித்தது. இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் அவளோடு வேலை செய்பவரைப் பார்த்தேன். "மேடம் அந்த டீம் லீடர் போஸ்ட்டை வேணாம்னு சொல்லியிருக்க வேணாம் சார்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னாலேயே வந்த பதவியாம். திரும்பும்போது கேட்டேன், "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க. 'உன் இஷ்டம்'னு சொல்வீங்க. இஷ்டம் என்னுதுன்னா, ராத்திரி லேட்டா வந்தா குழந்தையை யார் பார்க்கிறதுங்கிறதும் என்னுதுதானே?"

நாலு வருஷ பி.இ.யில் நான் பதில் தெரியாமல் நின்ற கேள்விகள் நிறைய உண்டு. இந்தக் கேள்வி போல ஒன்று இல்லை.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1961 மகப்பேறுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பு, 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆனது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அப்போதுதான் வந்தது. நம் மாநில அரசு ஊழியர்களுக்கு 2021-ல் ஒரு வருஷமாக்கினார்கள். 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவு, எத்தனையோ தாய்மார்களுக்கு அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் என்றால் விடுப்புச் செலவு முழுக்க முதலாளி தலையில். அதனால் இன்டர்வியூவிலேயே "கல்யாணம் எப்போ?" என்று கேட்கிறார்கள். ஆண் பிள்ளையை யாரும் அப்படிக் கேட்பதில்லை. மத்திய அரசில் அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியாரில் கம்பெனி மனசு வைத்தால் உண்டு. ஸ்வீடனில் அம்மா அப்பா இருவருக்குமாக 480 நாள். அதில் 90 நாளை அப்பா எடுக்காவிட்டால் அது போயே போச்சு, அம்மாவுக்கு மாற்றித் தர முடியாது. அப்படி ஒரு விதி இல்லாமல் நம்மைப் போன்றவர்கள் நகர மாட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ஷிஃப்ட் வேண்டாம், ஜெனரல் ஷிஃப்ட் கொடுங்கள் என்று போய் நின்றேன். "ஏன், வீட்ல லேடீஸ் இல்லையா?" என்றார் மேலதிகாரி. இருக்கிறார்கள் சார், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். கிடைத்தது. ஷிஃப்ட் அலவன்ஸ் போனது. காலை இட்லி இப்போது நான். சாம்பார் இன்னும் கைவரவில்லை. அந்தப் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் முதலில் என்னிடம் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

மாணவிகள் பக்கம் யாராவது கேள்வி கேட்க விரும்பினால் கேளுங்கள். மாணவர்கள் கேட்டால் இன்னும் சந்தோஷம். ஆறு மணிக்கு மட்டும் என்னை விட்டுவிட வேண்டும், குழந்தையை அவ்வா வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டியது இன்று என் முறை.