அந்திக்கிறிஸ்து: ஒரு சொல்லின் பொருள்

உலகின் இறுதிநாட்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்திக்கிறிஸ்து என்னும் பெயரும் உடன் எழுவது வழக்கம். போர் மூண்டாலும், கொள்ளைநோய் பரவினாலும், கொடுங்கோலன் ஒருவன் அரசு கட்டில் ஏறினாலும், "இவனே அவன்" என்று சுட்டுவோர் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். ஆனால், அச்சொல் வேதாகமத்தில் எங்கே வருகின்றது, யாரைக் குறித்து வருகின்றது என்று ஆராய்ந்து பார்ப்போர் மிகச் சிலரே.

தமிழ்ச் செவிக்கு இச்சொல் ஒரு மயக்கத்தை உண்டாக்குவது. அந்தி என்றவுடன் மாலைப்பொழுது நினைவுக்கு வரும். உலகத்தின் அந்திவேளையில் வருபவன் என்று பொருள்கொள்ளவுந் தோன்றும். உண்மை அதுவன்று. இது கிரேக்கச் சொல். அம்மொழியில் ‘அந்தி’ என்னும் முன்னொட்டுக்கு ‘எதிராக’ என்பது ஒரு பொருள். ‘பதிலாக’ என்பது மற்றொரு பொருள். ஆகவே, கிறிஸ்துவை எதிர்ப்பவனையும், கிறிஸ்துவின் இடத்தைத் தனக்கென எடுத்துக்கொள்பவனையும் அச்சொல் ஒருங்கே குறிக்கவல்லது. முன்னவன் பகைவன், பின்னவன் போலி. பகைவனை அறிந்துகொள்ளுதல் எளிது. போலியை அறிந்துகொள்ளுதலே அரிது.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் நான்கு வசனங்களில் மட்டுமே காணப்படுகின்றது. அவற்றுள் மூன்று யோவானின் முதலாம் நிருபத்திலும், ஒன்று இரண்டாம் நிருபத்திலும் உள்ளன. பலரும் எண்ணுவதுபோல, வெளிப்படுத்தின விசேஷத்தில் இச்சொல் ஓரிடத்திலேனும் வருவதில்லை.

அந்நிருபங்கள் பிளவுபட்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டவை. இயேசு மெய்யான மனித உடலோடு வந்தார் என்பதை மறுத்த சிலர் அச்சபையினின்றும் பிரிந்து சென்றிருந்தனர். அவர்களைக் கருத்திற்கொண்டே நிருபம் பேசுகின்றது. ஒருவன் வருவான் என்று கேள்வியுற்றிருந்த மக்களுக்கு, அத்தகையோர் பலர் ஏற்கெனவே தோன்றிவிட்டனர் என்று அது அறிவிக்கின்றது. ஒருமை பன்மையாகின்றது; எதிர்காலம் நிகழ்காலமாகின்றது. அரக்க உருவம் ஏதும் அங்கே வருணிக்கப்படவில்லை. சபைக்குள்ளிருந்தே புறப்பட்டவர்கள் என்பதே அவர்களைப்பற்றிக் கூறப்படும் செய்தி.

அவ்வாறாயின், அச்சந்தரும் அந்த ஒற்றை உருவம் எங்கிருந்து வந்தது? வெவ்வேறு நூல்களிற் கண்ட உருவங்கள் பிற்காலத்தில் ஒன்றாக இணைக்கப்பட்டமையால் வந்தது. தானியேலின் நூல் செருக்கோடு பேசும் சின்னக் கொம்பு ஒன்றைக் காட்டுகின்றது. கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோகு என்னும் அரசனையே அது குறிப்பதாக ஆய்வாளர் பலர் கொள்வர். தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், ஆலயத்தில் அமர்ந்து தன்னைத் தெய்வமெனக் காட்டும் அக்கிரம மனிதன் ஒருவனைக் கூறுகின்றது. வெளிப்படுத்தின விசேஷம் 666 என்னும் இலக்கமுடைய மிருகத்தைக் கூறுகின்றது. நீரோ சீசர் என்னும் பெயரை எபிரேய எழுத்துக்களில் எழுதி, எழுத்துக்களின் எண்மதிப்பைக் கூட்டினால் அத்தொகை வரும். சில பழைய பிரதிகளில் 616 என்றிருப்பதும், அப்பெயரின் இலத்தீன் வடிவத்தை அவ்வாறே கணித்தால் 616 வருவதும் அக்கருத்துக்கு அரண் செய்கின்றன.

கி.பி. 180 அளவில் வாழ்ந்த லியோன் நகர ஆயர் இரேனேயு இவ்வுருவங்களை ஒருவனுக்கே உரியனவாக இணைத்துக் காட்டினார். எனினும், அவ்விலக்கத்துக்குப் பெயர் தேடி அலைதல் தகாது என்று எச்சரித்தவரும் அவரே. அவ்வெச்சரிக்கையைப் பின்வந்தோர் பொருட்படுத்தவில்லை. 1520இல் மார்ட்டின் லூத்தர் பாப்பரசரின் ஆட்சியை அந்திக்கிறிஸ்துவினது என்றார். எதிர்த்தரப்பாரோ லூத்தரை அப்பெயரால் இகழ்ந்தனர். ஒருவரை அப்பெயரால் அழைத்தபின் அவரோடு பேசுவதற்கு எதுவும் இல்லை. ஒறுத்தல் ஒன்றே எஞ்சும். பிளவுற்ற அவ்விரு தரப்பாரும், மனிதன் எவ்வாறு நீதிமானாக்கப்படுகின்றான் என்பதுபற்றிய கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இச்சொல்லை வேறொரு திசையில் திருப்பியவர் வட ஆபிரிக்காவின் இப்போ நகர ஆயர் அகுஸ்தீன். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவானின் முதலாம் நிருபத்தை விளக்கிப் பிரசங்கித்தபோது, வாயினால் கிறிஸ்துவை அறிக்கையிட்டுச் செயலினால் மறுப்பவனும் அந்திக்கிறிஸ்துவே என்றார். ஆகவே அவரவர் தத்தம் மனச்சாட்சியையே வினவவேண்டும் என்பது அவர் முடிபு.

நிருபத்தை முழுமையாக வாசிப்போர்க்கு அம்முடிபு புதிதாகத் தோன்றாது. அந்திக்கிறிஸ்து என்னும் சொல் முதன்முதலாகக் காணப்படும் அந்நிருபமே அன்பைப்பற்றி மிகுதியாகப் பேசும் நிருபமுமாகும். சகோதரனுடைய வறுமையைக் கண்டும் இதயத்தை அடைத்துக்கொள்பவனிடத்தில் கடவுளன்பு எவ்வாறு தங்கும் என்று அது கேட்கின்றது. கண்ட சகோதரனைப் பகைத்துக்கொண்டு காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்பவன் பொய்யன் என்கின்றது. கிறிஸ்து மெய்யான உடலோடு வந்தார் என்பதை மறுப்போர்க்கும், பசித்த உடலைக் கண்டும் காணாதிருப்போர்க்கும் இடையே அந்நிருபம் தொலைவு வைக்கவில்லை.

அந்திக்கிறிஸ்து எந்த நாட்டில், எந்த ஆண்டில் தோன்றுவான் என்ற வினாவுக்கு யோவானின் நிருபங்கள் விடை கூறுவதில்லை. அயலானைச் சுட்டுவதற்கென்று நீட்டப்படும் விரலை, அவை சுட்டுவோன் பக்கமே திருப்பிவிடுகின்றன.